சும்மா கெடக்குற சந்தைத் திடலை ஊரோட சேந்து சரி பண்றது எப்டி (ஆர்க்கிடெக்சர் பசங்களுக்கு)

வருசா வருசம் ஸ்டூடியோவுல (ஆர்க்கிடெக்சர் காலேஜோட டிசைன் வகுப்பு) இந்த ப்ராஜெக்ட் வந்துரும். ஏதோ ஒரு சின்ன டவுன், அதுல யாரும் கண்டுக்காத ஒரு எடம், "ஊர் மக்களோட சேந்து இதை மீட்டெடுக்கணும்"னு பேப்பர்ல ஒரு வரி. நான் மூணாவது வருசம் படிக்கும்போது எங்களுக்குக் கெடச்சது சிவகங்கைப் பக்கம் ஒரு பேரூராட்சியோட வாரச்சந்தைத் திடல். வியாழக்கிழமை மட்டும் சந்தை, மிச்ச ஆறு நாளும் சிமென்ட் மேடை, தகரக் கொட்டகை, ரெண்டு வேப்பமரம், அவ்ளோதான். அதுக்கப்புறம் ஜூனியர் பசங்களோட இதே மாதிரி வேலைக்கு இன்னும் ரெண்டு மூணு ஊருக்குப் போயிட்டேன், போற எடத்துல எல்லாம் நாங்க பண்ண அதே தப்பைத்தான் அவங்களும் பண்றாங்க, அதான் ஒரு தடவ உக்காந்து எழுதிரலாம்னு.

மொத தப்பு, போன அன்னைக்கே திடலைப் பாத்துட்டு "காலியா கெடக்கு"னு நோட்டுல எழுதினது. நாங்க போய் எறங்கினது காலேஜ் பஸ்ல, பகல் பதினோரு மணிக்கு, ஏப்ரல் மாசம். அந்த வெயில்ல எவன் வந்து உக்காருவான்? ரெண்டு நாள் கழிச்சு ஒரு பையன் விடியக்காலைல டீ குடிக்கப் போனப்பதான் தெரிஞ்சுது, அஞ்சரை மணிக்கே பூ கட்டுற அக்காங்க ஆறேழு பேர் கொட்டகைக்குள்ள உக்காந்திருக்காங்க, ஏழரைக்கு ஸ்கூல் வேனுக்கு நிக்கிற பிள்ளைங்க, மத்தியானம் மேடை நெழல்ல துண்டை விரிச்சுத் தூங்குற லோடுமேன் அண்ணனுங்க, நாலரைக்கு மேல கிரிக்கெட், எட்டு மணிக்கு மேல பாட்டில் கோஷ்டி. இது போக மிளகாய் சீசன்ல மேடை பூரா சிவப்பா மிளகாய் காயுமாம். நாங்க காலினு எழுதின எடத்துல ஊரே ஷிஃப்ட் போட்டு இருந்துட்டு இருக்கு!

அதனால மொத வேலை, இருந்து பாக்குறது. ஊர்லயே ரூம் எடுத்துத் தங்குங்க, முடியலன்னா மண்டபத்துல பாய் விரிச்சுப் படுங்க, தினம் பஸ்ல போயிட்டு வந்தா காலைல 6 மணியும் ராத்திரி 9 மணியும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மூணு நாள் எண்ணணும், சந்தை நாள் ஒண்ணு, சாதா நாள் ஒண்ணு, ஞாயித்துக்கெழம ஒண்ணு. காலை 6ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துலயும் பத்து நிமிசம் மட்டும் எண்ணுங்க, அதை ஆறால பெருக்கினா அந்த மணிக்கு எத்தன பேர்னு தோராயமா வந்துரும். கடந்து போறவங்க தனி, நின்னு பேசுறவங்க தனி, உக்காந்திருக்கவங்க தனி. ஆறால பெருக்குறது கடந்து போறவங்களுக்கு மட்டும்தான், நிக்கிறவங்களையும் உக்காந்திருக்கவங்களையும் அந்த நேரத்துல எத்தன பேர்னு அப்டியே எண்ணிக்குங்க. இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதில்ல, டென்மார்க்ல யான் கெல்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கோபன்ஹேகன் தெருவுல பல வருசம் இப்டி எண்ணி எண்ணித்தான் கார் இல்லாத தெருவுக்கு ஜனங்க வர்றாங்கனு காட்டினார், அந்த ஊர்ல ஸ்ட்ரோய்யட்ங்கிற கடைத்தெருவை 1962லயே காருக்கு மூடிட்டாங்க.

எண்ணும்போது ஆம்பள, பொம்பள, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்கனு தனித்தனியா கோடு போடுங்க. நியூயார்க்ல சின்னச் சின்ன சதுக்கங்களை கேமரா வச்சுப் பாத்த வில்லியம் வைட்ங்கிறவர் சொன்னது, பொம்பளைங்க எண்ணிக்கை நல்லா இருக்கிற எடம்தான் நல்லா ஓடுற எடம்னு. எங்க திடல்ல சாயங்காலம் அறுபது பேர் இருந்தா அதுல உக்காந்திருந்த பொம்பளைங்க ரெண்டு பேர், அதுவும் பஸ்ஸுக்கு. அந்த ஒரு நம்பர் எங்க டிசைனையே மாத்திருச்சு.

அடுத்தது எடம் யாரோடதுனு பாக்குறது. இது போரடிக்கிற வேலை, யாருக்கும் பிடிக்காது, ஆனா இதை விட்டீங்கன்னா கடைசில மொத்தமும் தண்ணில போயிரும். தமிழ்நாட்டுக்குனா அரசோட இ-சர்வீசஸ் சைட்டுல சர்வே நம்பர் போட்டா எஃப்.எம்.பி. படமும் (நெலத்தோட அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நெலம் என்ன வகை, யார் பேர்லனு இருக்கிற பதிவேடு) பாக்கலாம், டவுன் சர்வே ஆன ஊர்னா அதுக்குத் தனி பதிவேடு. அதுல புறம்போக்குனு இருக்கா, என்ன புறம்போக்கு, பேரூராட்சி பேர்ல இருக்கா, அறநிலையத்துறை கோயில் நெலமா, இதெல்லாம் தெரியணும். ஒரே திடலு மாதிரி கண்ணுக்குத் தெரியும், பேப்பர்ல பாதி பேரூராட்சி பாதி கோயிலுனு இருக்கும். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல ஒரு காலைப் பொழுது போனாலும் பரவால்ல, கேட்டுத் தெளிவு பண்ணிக்குங்க. அப்புறம் முக்கியமா சந்தைக் குத்தகை. வாரச்சந்தையில சுங்கம் வசூலிக்கிற உரிமைய பேரூராட்சி ஏலம் விடும், எடுத்தவர்தான் அந்தத் திடலுக்கு நடைமுறைல ராஜா. நாங்க செயல் அலுவலரைப் பாத்தோம், சேர்மனைப் பாத்தோம், கவுன்சிலரைப் பாத்தோம், குத்தகைக்காரரை மட்டும் பாக்கல. அவரு ஒரு நாள் புல்லட்ல வந்து எறங்கி "தம்பி யாரு நீங்க, யாரைக் கேட்டு அளக்குறீங்க"ன்னப்பதான் எங்களுக்கு உறைச்சுது. நல்ல மனுசன்தான், டீ வாங்கிக் குடுத்துட்டு, லாரி எந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுக்கும், எந்தக் கொட்டகை மழைல ஒழுகும்னு அரை மணி நேரத்துல சொன்னாரு, நாங்க ஒரு வாரமா அளந்தும் கண்டுபிடிக்காதது அது.

அளக்குறது பத்தி ரொம்ப சொல்லல, 30 மீட்டர் டேப்பும் ட்யூப் லெவலும் (மேடு பள்ளம் பாக்குற தண்ணி ட்யூப்) போதும். ஒண்ணே ஒண்ணு, ஒரு நல்ல மழை பேஞ்ச மறுநாள் போய் தண்ணி எங்க நிக்குதுனு ஃபோட்டோ எடுத்துருங்க, எந்த லெவல் சர்வேயும் அந்த அளவுக்கு உண்மை பேசாது.

பேசுறது. பசங்க உடனே மீட்டிங் போடலாம்பாங்க. போட்டுப் பாருங்க, மண்டபத்துல பத்தரை மணிக்குப் போட்டா கட்சிக்காரங்க நாலு பேரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரும்தான் வருவாங்க, மைக்கைக் குடுத்தா திரும்பி வராது. அதுக்குப் பதிலா ஆளு இருக்கிற எடத்துக்கு நீங்க போங்க. டீக்கடை, ரேஷன் கடை வரிசை, பூ கட்டுற எடம், சந்தை முடிஞ்சு சாக்கு மடிக்கிற நேரம். "இந்தத் திடல்ல உங்களுக்கு என்ன வேணும்"னு கேக்காதீங்க, அப்டி கேட்டா எல்லா ஊர்லயும் ஒரே பதில்தான், பார்க்கு, ஃபவுண்டனு, ஹைமாஸ் லைட்டு. "நேத்து சாயங்காலம் இங்க வந்தீங்களா, எதுக்கு வந்தீங்க, வரலைன்னா ஏன் வரல"னு கேளுங்க. கருவாடு விக்கிற ஒரு ஆத்தாகிட்ட நான் இதைக் கேட்டேன். "ஏன் அப்பு, காலைல நாலு மணிக்கு வந்தா ராத்திரி ஏழு மணிக்குத்தான் போறேன், ஒதுங்க எடமில்ல, அதுக்காகவே அன்னைக்கு பூரா தண்ணி குடிக்கிறதில்ல"னு சொல்லுச்சு. நாங்க அதுவரைக்கும் போட்ட ஸ்கெட்ச்ல கல் பெஞ்ச் இருந்துச்சு, ஆம்ஃபிதியேட்டர் இருந்துச்சு, லோட்டஸ் பாண்ட் கூட ஒண்ணு இருந்துச்சு, கக்கூஸ் இல்ல.

இன்னொண்ணையும் சொல்லிரணும், நம்ம ஊர்ல "பொது எடம்"னா எல்லாருக்கும் பொதுன்னு அர்த்தமில்ல. எந்தத் தெருக்காரங்க அந்தத் திடலுக்குள்ள சாவகாசமா உக்காருவாங்க, எந்தத் தெருக்காரங்க ஓரமா நடந்து போயிருவாங்கனு உங்களுக்கு யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க, எண்ணுற ஷீட்லயும் வராது. ஊர்ப் பெரியவங்க கூட்டிட்டுப் போற தெருவை மட்டும் பாத்துட்டு "கம்யூனிட்டி கன்சல்டேஷன் முடிஞ்சது"னு ஸ்லைடு போடாதீங்க. எல்லாத் தெருவுக்கும் நீங்களாவே தனியா நடந்து போங்க, டீம்ல பொண்ணுங்க இருந்தா அவங்க தனியாப் போய் பொம்பளைங்ககிட்ட பேசட்டும், நம்ம நின்னா பேச்சு வேற மாதிரி ஆயிரும்.

1914, 15 வாக்குல பேட்ரிக் கெடஸ்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மெட்ராஸ் மாகாணத்து ஊர் ஊரா நடந்து பாத்து ரிப்போர்ட் எழுதினார், தஞ்சாவூர், மதுரை எல்லாம் அதுல இருக்கு. நெரிசலான பகுதினு மொத்தமா இடிச்சுட்டு நேர் ரோடு போடலாம்னு இன்ஜினியருங்க சொன்ன எடத்துல, வேணாம், இடிஞ்சு விழப்போற வீடு ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துட்டு அந்தச் சந்துல ஒரு மரத்தை வைங்க, செலவும் கம்மி ஜனங்களும் எடம் மாற வேணாம்னு சொன்னவர். அதுக்கு அவர் வச்ச பேரு கன்சர்வேட்டிவ் சர்ஜரி. ஒரு துணைக்கதை, நகரங்களைப் பத்தின இவரோட கண்காட்சிப் படங்கள் மொத்தத்தையும் ஏத்திட்டு வந்த கப்பலை எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடிச்சிருச்சு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல குண்டு போட்ட அதே எம்டன்தான், "அவன் பெரிய எம்டன்யா"ங்கிறோமே, அது. மனுசன் திரும்ப படங்களைத் தேடிச் சேத்து 1915 ஜனவரில மெட்ராஸ்ல கண்காட்சி வச்சாரு. லேப்டாப் க்ராஷ் ஆயிருச்சுனு சப்மிஷனுக்கு டைம் கேக்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

இப்ப டிசைனுக்கு வருவோம். வெயில்தான் எல்லாம். புத்தகத்துல இருக்கிற சன் பாத் படம் (சூரியன் போற பாதையக் காட்டுறது) பாதி ஐரோப்பாவுக்கு வரைஞ்சது, தெற்குல வெயில், வடக்குல நெழல்னு அதை அப்டியே காப்பி அடிக்கக் கூடாது. சிவகங்கை பத்து டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்துல இருக்கு, ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசிலயும் உச்சிப்பொழுது சூரியன் நேரா மண்டைக்கு மேல, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மாசங்கள்ல கொஞ்சம் வடக்கால சாஞ்சு நிக்கும். அதாவது அக்னி நட்சத்திரத்துல மத்தியான வெயில் வடக்குல இருந்துதான் எட்டிப் பாக்கும். அதை விட பெரிய எதிரி மேற்கு வெயில், மூணு மணிக்கு மேல அடிக்கிறது. ஜனங்க வர்ற நேரம் சாயங்காலம்னா திண்ணைய மரத்துக்குக் கெழக்கால போடுங்க, நெழல் அங்கதான் விழும். நாங்க ஒரு எடத்துல இரும்பு பைப்புல அழகா கறுப்பு பெயின்ட் அடிச்சு சீட் பண்ணோம், ஃபோட்டோவுல சூப்பரா இருந்துச்சு, ஒரு பெரியவர் வேட்டியோட உக்காந்துட்டு எந்திரிச்ச வேகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

திண்ணை உயரம் ஒன்றரை அடி, அகலம் ரெண்டரை அடிக்குக் கொறயாம. ஒன்றரை அடி அகலத்துல ரெடிமேட் பெஞ்ச் போட்டா ஆபீஸ்ல மாதிரி உக்காரலாம், நம்ம ஆளுங்க சம்மணம் போட்டுத்தான் உக்காருவாங்க, கொஞ்ச நேரத்துல சாய்வாங்க, அப்புறம் படுப்பாங்க. படுக்கக் கூடாதுனு நடுவுல கம்பி வைக்கிற வேலை எல்லாம் வேணாம், மத்தியானம் தூங்குற லோடுமேனுக்கும் அந்த எடம் சொந்தம்தான். மரம் வைக்கிறதுனா புங்கை, வேம்பு, பூவரசு மாதிரி வைங்க, சீக்கிரம் பச்சையாத் தெரியுதுன்னு கோனோகார்பஸ்ங்கிற வெளிநாட்டு மரத்தை வைக்காதீங்க. பாட்டில் கோஷ்டி பத்தி எல்லா ஊர்லயும் கேப்பாங்க, வேலி போடுங்க கேட் போடுங்கனு. கேட் போட்டா மொதல்ல வராம நின்னு போறது பூ கட்டுற அக்காங்கதான், கோஷ்டி செவுரு ஏறி உள்ள வந்துரும். மூலைல வெளிச்சம் விழுற மாதிரி தாழ்வா நாலு லைட்டு, பக்கத்துல ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடுற ஒரு இட்லிக்கடை, இது ரெண்டும் இருந்தா கோஷ்டி தானா நகந்துரும். எங்களுக்கு அப்டித்தான் நடந்துச்சு, முழுசா இல்ல, முக்காவாசி.

கடைனு சொன்னதும் ஞாபகம் வருது, ஏற்கனவே அங்க தள்ளுவண்டி போட்டிருக்கவங்களை "டிசைன் க்ளீனா வரணும்"னு தூக்கிராதீங்க. சாலையோர வியாபாரிகளுக்குனு 2014ல சட்டமே இருக்கு, கணக்கெடுப்பு நடத்தாம இஷ்டத்துக்கு அப்புறப்படுத்த முடியாது. வண்டி நிக்கிற எடத்தையும் ப்ளான்ல வரைங்க, தண்ணிக் குழாயும் குப்பைத்தொட்டியும் அது பக்கத்துல வைங்க.

டிசைனை ஊர்ல காட்டுறதுக்கு ஷீட் ஒட்டாதீங்க. 1:200 ப்ளானை (நெசத்துல இருக்கிறதை இருநூறுல ஒரு பங்கா சுருக்கி வரைஞ்சது) பாத்து யாருக்கும் ஒண்ணும் புரியாது, ஆனா மருவாதிக்குத் தலைய ஆட்டிட்டுப் போயிருவாங்க, நீங்க அதை சம்மதம்னு நெனச்சுக்குவீங்க. அதுக்குப் பதிலா கொத்தனார் கடைக்கால் எடுக்க மார்க் பண்ணுவார்ல, அதே மாதிரி திடல்லயே கயிறு அடிச்சு சுண்ணாம்புல முழு சைஸுக்கு வரைஞ்சுருங்க. இங்க திண்ணை, இங்க மரம், இங்க கக்கூஸ் வாசல்னு. சாயங்காலம் நாலு மணிக்கு வரைஞ்சுட்டு ஓரமா உக்காருங்க. எங்களுக்கு ஒரு மணி நேரத்துல இருபது பேர் கோட்டுக்குள்ள நின்னு சண்டை போட்டாங்க, கக்கூஸ் வாசல் டீக்கடையப் பாத்து இருந்தா எந்தப் பொண்ணு போகும்னு ஒரு அக்கா கேட்டுச்சு, காலால கோட்டை அழிச்சுட்டு இந்தப் பக்கம் திருப்புங்கனுச்சு. ஒரு கோணிப்பை சுண்ணாம்புல முடிஞ்ச விஷயம்.

அப்புறம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டம்மியா வச்சுப் பாக்கணும். பந்தல்காரர்கிட்ட ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், சீரியல் லைட்டு வாடகைக்கு வாங்கிப் போட்டுப் பாருங்க. சேரை வரிசையா அடுக்காம சும்மா விடுங்க, ஜனங்க எங்க இழுத்துப் போட்டு உக்காருறாங்கனு பாத்துட்டு அங்க திண்ணையக் கட்டுங்க. நாங்க இதைச் செய்யாம நேரா சிமென்ட்ல மூணு பெஞ்ச் கட்டினோம், நல்ல நெழல், நல்ல வியூ. வியாழக்கிழமை பாத்தா அது ஆடு எறக்குற எடம். பெஞ்ச் காலுக்கு ஒண்ணா மூணு பெஞ்ச்லயும் கெடா கட்டியிருக்கு, மேல தீவனம், ஒரு லோடு ஆட்டோ ரிவர்ஸ்ல ஒரு மூலைய பேத்துருச்சு. குத்தகைக்காரர் அப்பவே சொன்னாரு அந்தப் பக்கம் வண்டி வரும்னு, நாங்க நோட்டுலயும் எழுதியிருந்தோம், ப்ளான் வரையும்போது அந்த நோட்டை எவனும் திறக்கல.

காசு விஷயம். மாணவர்கள் வரைஞ்ச படம் அப்டியே கட்டடமா மாறாது, பேரூராட்சி மன்றத்துல தீர்மானம் போடணும், அப்புறம் எஸ்டிமேட், அப்புறம் டெண்டர். எஸ்டிமேட் போடுறவர் அரசு விலைப்பட்டியல் வச்சுத்தான் போடுவாரு. அந்தப் பட்டியல்ல இல்லாத பொருளை, மூங்கில் ஸ்பேஸ் ஃப்ரேம், ரீசைக்கிள் பேனல்னு நீங்க வரைஞ்சா அவரால அதுக்கு ரேட் எழுத முடியாது, அதை வெட்டிட்டு ஷீட் கூரையும் டைல்ஸும் போட்டுக் குடுத்துருவாரு, தப்பு அவரோடது இல்ல. அதனால வரையறதுக்கு முன்னாடியே ஓவர்சியரைப் பாத்து "சார் இதுக்கு ஐட்டம் இருக்கா"னு கேட்டு வச்சுக்குங்க. செங்கல், கருங்கல், மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுப் போடுற பழைய கூரை) தட்டோடு மாதிரி அவருக்குத் தெரிஞ்சதை வச்சே நல்லாப் பண்ணலாம். 2021ல திரும்பக் கொண்டு வந்த நமக்கு நாமே திட்டத்துல ஊர்க்காரங்க ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசு போடும், உங்க வேலைக்கு எவ்ளோ பங்குனு ஆபீஸ்ல கேட்டுக்குங்க. ஊர்ல நகைக்கடை, அரிசி ஆலை வச்சிருக்கவங்க பங்கு போட ரெடியா இருப்பாங்க, ஆனா பேர் போட்ட போர்டு கேப்பாங்க. போர்டு சைஸை முன்னாடியே பேசி முடிச்சுருங்க, இல்லன்னா திண்ணைய விட போர்டு பெருசா நிக்கும்.

ஒரு செமஸ்டர்னா கையில நிக்கிறது நாலு மாசம், ஊருக்கு அது ஒரு திருவிழாக் காலம், அவ்ளோதான். ஒரே பேட்ச்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு பாக்காதீங்க. அமெரிக்காவுல அலபாமாவுல ஆபர்ன் யுனிவர்சிட்டியோட ரூரல் ஸ்டூடியோனு ஒண்ணு இருக்கு, 1993ல சாமுவேல் மாக்பீயும் டி.கே.ரூத்தும் ஆரம்பிச்சது. க்ரீன்ஸ்பரோங்கிற சின்ன ஊர்ல லயன்ஸ் பார்க்னு ஒரு பூங்காவை அவங்க ஒரே தடவைல முடிக்கல, ஒரு பேட்ச் பேஸ்பால் கிரவுண்டு, இன்னொரு பேட்ச் கக்கூஸ், வேற பேட்ச் பிள்ளைங்க விளையாடுற எடம்னு வருசக்கணக்கா பேட்ச் மேல பேட்ச் வந்து பண்ணாங்க, விளையாடுற எடத்தைப் பழைய புதினா எண்ணெய் ட்ரம்ம அடுக்கியே கட்டினாங்க. அங்க மாதிரி ஊருக்குள்ளயே தங்குற ஸ்டூடியோ நமக்கு இல்ல, ஆனா ஜூனியர்கிட்ட நோட்டைக் குடுக்குறதுக்கு அமெரிக்கா தேவையில்லல்ல. எண்ணின ஷீட், யாருகிட்ட என்ன பேசினோம், எந்தத் தப்பு பண்ணோம், எல்லாத்தையும் ஒரே நோட்டுல எழுதி டிபார்ட்மென்ட்ல வச்சுட்டுப் போங்க. நாங்க மொத பேட்ச்ல கக்கூஸுக்குத் தீர்மானம் மட்டும்தான் வாங்கினோம், கட்டி முடிச்சது எங்களுக்கு அடுத்த பேட்ச்.

கெளம்புறதுக்கு முன்னாடி கேட்டு முடிக்க வேண்டிய கேள்விங்க கொஞ்சம் இருக்கு, திறப்பு விழா சந்தோசத்துல எல்லாரும் மறந்துருவாங்க. கக்கூஸ் சாவி யாருகிட்ட, சந்தை அன்னைக்கு விடியக்காலை நாலு மணிக்கு யாரு தொறப்பா? லைட்டுக்குக் கரண்ட் பில்லு பேரூராட்சி கணக்குலயா? மரக்கன்னுக்கு ரெண்டு கோடைக்காவது தண்ணி ஊத்தணும், யாரு? பொதுவா "ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க"னு எழுதக் கூடாது, ஆளு பேரு எழுதணும். எங்க திடல்ல அஞ்சு கன்னு வச்சோம், டீக்கடை அண்ணன் கடை வாசல்ல இருந்த புங்கை மட்டும் இப்ப நல்லா நிக்குது, க்ளாஸ் கழுவுற தண்ணிய தினம் அதுலதான் ஊத்துறாரு. மிச்ச நாலும் மொத வருச பங்குனிலயே காஞ்சு போச்சு. போன தடவ போனப்ப "அண்ணே, இன்னும் ரெண்டு கன்னு தர்றேன் வைக்கிறீங்களா"னு கேட்டேன், "ஒண்ணு குடு தம்பி, ரெண்டுக்கு ஊத்த நம்ம கடைல அவ்ளோ யாவாரம் இல்ல"ன்னாரு.